பதினோராவது பகுதி

ஈரி ஏரிக்கு அடியில்
ஆயிரத்து எண்ணூறு அடி ஆழத்தில்
உப்பு வெட்டுகிறேன்.
வெள்ளைச் சுவர், கறுத்த வழி,
தலைவிளக்கு திரும்பும் பக்கம் மட்டும் உலகம்.
அதனால்தான் உனக்கு அந்தப் படங்கள் பிடிக்கின்றன
என்பாள் மார்யேதா.
இருக்கலாம்.
யோசித்து வாங்கவில்லை நான்.

முதல் கேசட் கிளீவ்லாந்தில் ஒரு பழைய சாமான் கடையில்,
ஒரு டாலர், கூடவே ஒரு வாஃபிள் சட்டி.
'ஹேவர்கேம்ப் வீடு':
நான்கு பருவம், நூற்றுப் பதினேழு பகுதி.
இப்போது மாடிப்படிக்குக் கீழே ஏழு அடுக்கு.
டிவிடியில் புருவ முடிவரை தெரியும்,
ஆனால் பகுதிக்கு மூன்று நிமிடம் வெட்டியிருப்பான்.
கேசட்டில் எல்லாம் மங்கல்,
எதையும் வெட்டவில்லை.
இரண்டும் வேண்டுமென்று
மின்கட்டணத்தைத் தள்ளிப்போட்ட மாதம் உண்டு.

ஹேவர்கேம்ப் மாலை ஐந்தரைக்கு வருவார்.
தொப்பியை எறிவார், ஆணியில் போய் மாட்டிக்கொள்ளும்.
கண்ணுக்குத் தெரியாத ஜனம் சிரிக்கும்.
மனைவி முத்துமாலை போட்டுக்கொண்டு
உருளைக்கிழங்கு உரிப்பாள்.
பையன் ஜன்னலை உடைத்திருப்பான்.
இருபத்தைந்து நிமிடத்தில்
ஜன்னலுக்குக் கண்ணாடி வந்துவிடும்.

சரி, அந்த மனுஷன் என்ன வேலை பார்க்கிறார்?
நூற்றுப் பதினாறு பகுதி பார்த்துவிட்டேன்,
ஒருவரும் சொல்லவில்லை.
நகக்கண்ணில் அழுக்கில்லை.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில்லை.
கைப்பெட்டி உப்புக்குச் சப்பாணி,
ஒருநாளும் திறந்ததில்லை.

மிச்சம் ஒன்று.
இரண்டாம் பருவம், பதினோராவது.
அதில் பையன் அப்பாவின் ஆபீசுக்குப் போகிறான் என்று
பழைய வாரப்பத்திரிகை ஒன்றில் இரண்டு வரி.
எந்தத் தொகுப்பிலும் இல்லை.
ஒன்பது வருஷம் தேடினேன்.
டூலூத்தில் ஒருவன் இருக்கிறது என்றான், பணம் வாங்கினான்,
அனுப்பியது தூண்டில் போடும் பாடம்.

பிப்ரவரியில் சஸ்கடூனிலிருந்து வந்தது
ரொட்டிப் பையில் சுற்றி.
அனுப்புநர் வெர்னா ரித்சாக்.
கேசட் முதுகில் பென்சில் எழுத்து:
ஹேவர் 11. அழிக்காதே.
இரவுப் பணி முடிந்து, பூட்ஸைக் கழற்றாமல்
கம்பளத்தில் உப்பு உதிர உட்கார்ந்தேன்.
மார்யேதா கோட்டை மாட்டியபடியே நின்றாள்.

பையன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறான்.
பெரிய கட்டடம். லிஃப்ட். நீண்ட நடைவழி.
கண்ணாடிக் கதவில் ஏதோ எழுத்து,
படிப்பதற்குள் அவன் தலை மறைக்கிறது.
கைப்பிடியைத் திருகுகிறான்.

திரை ஒருமுறை நெளிந்து
நிறம்.

பச்சை ஸ்வெட்டர் போட்ட நாலு பேர்
பனித்தரையில் கனத்த கல் ஒன்றைத் தள்ளிவிட்டு
அதற்கு முன்னால் ஓடிஓடிப் பெருக்குகிறார்கள்,
குனிந்து, மூச்சிரைக்க,
கல்லுக்கு வாசல் தெளிப்பதுபோல.
"இன்னும், இன்னும்" என்று யாரோ கத்துகிறார்.
நாலு நிமிடம், பதினெட்டு வினாடி.
மறுபடி நெளிவு, சாம்பல்.
தொப்பி ஆணியில்.
"ச்சே, இவ்வளவுதானா அப்பா?" என்கிறான் பையன்.
ஜனம் சிரிக்கிறது.

மார்யேதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில்
அவளுடைய பஸ் போய்விட்டது.
எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

வெர்னாவுக்கு எழுதினேன், கொஞ்சம் காரமாகத்தான்.
மூன்று வாரத்தில் பதில்:
அழிக்காதே என்று எழுதியது நெஸ்டர்.
அதன்மேல் பதிந்தது நான்.
இடப்பக்கம் பெருக்குகிறவர் அவர்தான்.
உள்ளூர் டிவியில் ஒரே ஒருமுறை வந்தார்,
கையில் கிடைத்ததை நுழைத்தேன்.
ஒரு வாரம் பேசவில்லை என்னோடு.
எந்தக் கேசட் என்று மறந்து இத்தனை வருஷம்.
அந்த நாலு நிமிடம் மட்டும் கிடைக்குமா?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கருவிகளைக் கோத்துப்
பிரதி எடுத்தேன்.
ஓடும்போது பார்த்துக்கொண்டே இருந்தேன்.
தொப்பி இல்லை. மூக்கு சிவந்திருக்கிறது.
கல் நின்றபிறகும் நெஸ்டர்
இரண்டு தடவை கூடுதலாகப் பெருக்குகிறார்,
பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார்.

ரொட்டிப் பையை மார்யேதா கழுவிக் காயவைத்திருந்தாள்.
அதிலேயே சுற்றினேன்.
தபால் செலவு பதினான்கு டாலர்.

பதினோராவது இன்னும் வேண்டும் எனக்கு.
அந்தக் கதவில் என்ன எழுதியிருந்தது என்று
யாருக்காவது தெரிந்தால்